படங்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ரோஸா பார்க்ஸ் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் படம் உலகப் பிரசித்தம். பின் இருக்கையில் இறுகிய முகத்தோடு ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்து பார்க்ஸ் கைதான 1955 டிசம்பர் 1 அன்று எடுத்த படம் என்றே பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அது எடுக்கப்பட்டது ஓராண்டு கழித்து, 1956 டிசம்பர் 21 அன்று. கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறாமல் நடத்திய 381 நாள் புறக்கணிப்பு வென்று, அலபாமா மாநிலத்தின் மான்ட்காமரி நகர பஸ்ஸில் யாரும் எங்கேயும் உட்காரலாம் என்று ஆன முதல் நாள் அது. பின்னால் இருப்பவர் நிக்கலஸ் கிறிஸ், யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர். படம் எடுப்பதற்காகவே செய்த ஏற்பாடு.

யாரும் பொய் சொல்லவில்லை. படத்துக்கு அடியில் இருந்த வரி போகிற போக்கில் எங்கோ உதிர்ந்துவிட்டது. வரி போனதும் படம் தன்பாட்டுக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கிவிட்டது. பார்க்ஸின் விரலை ஒரு போலீஸ் அதிகாரி பிடித்து மையில் ஒற்றும் படமும் இப்படித்தான். முதல் கைதின்போது எடுத்ததாகப் போட்டுவிடுகிறார்கள். அது 1956 பிப்ரவரி 22 அன்று, புறக்கணிப்பை நடத்தியதற்காக மொத்தமாக வழக்குப் போட்டபோது, அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜீன் ஹெரிக் எடுத்தது.

என் அப்பா சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரம் எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். சாட்சிக் கையெழுத்து யார், முத்திரைத்தாள் எந்தத் தேதியில் வாங்கியது, மூலப் பத்திரம் எங்கே. கோடைக்கு எங்களோடு இருக்க அட்லாண்டாவுக்கு வந்திருந்தபோது அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு அலபாமா, டென்னஸி பக்கம் போனேன். அவரோடு அருங்காட்சியகத்துக்குப் போவது பொறுமையைச் சோதிக்கிற காரியம். எல்லோரும் படத்தைப் பார்ப்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பார். எடுத்தவர் பெயர், தேதி, இன்னார் நன்கொடை என்பது வரைக்கும். மான்ட்காமரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "படமெல்லாம் சரிதானப்பா. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பார்க்க வேண்டாமா? நிலத்துக்குப் போடுகிற மாதிரி இதற்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும்."

அமெரிக்காவின் சிவில் உரிமைப் போராட்ட வரலாற்றைப் படங்களும் அருங்காட்சியகங்களும் காப்பாற்றி வைத்திருக்கின்றன என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அப்பாவின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. பல படங்கள் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்களிடம் இருக்கவில்லை. போலீஸிடமும், வெளியிட மறுத்த பத்திரிகையிடமும், திவாலான கம்பெனியிடமும் கிடந்து மீண்டவை அவை. அந்தக் கைமாறிய கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அருங்காட்சியகம் தன் வேலையைச் செய்ததாக அர்த்தம்.

இதில் ஒரு தமிழனுக்கு என்ன அக்கறை என்று கேட்பவர்கள் உண்டு. 1965 அக்டோபரில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், பிறந்த நாட்டை வைத்து ஆட்களை அளந்த பழைய ஒதுக்கீட்டை ஒழிக்காமல் இருந்திருந்தால், அட்லாண்டாவில் தமிழ்ச் சங்கம் வைக்கும் அளவுக்கு நாங்கள் வந்து சேர்ந்திருக்க மாட்டோம். அந்தச் சட்டம் 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்துக்கும் 1965-ன் வாக்குரிமைச் சட்டத்துக்கும் உடன்பிறப்பு. வாக்குரிமை கேட்டு அலபாமாவின் செல்மாவில் அடிபட்டவர்கள் உண்டாக்கிய காற்றில்தான் எங்கள் விசாவும் வந்தது. வார இறுதி விருந்துகளில் இதைச் சொன்னால் பேச்சு உடனே வீட்டு விலைக்கு மாறிவிடும். அது என் நெடுநாள் எரிச்சல். இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

1956-ல் மான்ட்காமரியில் கைதானவர்களைப் போலீஸ் எடுத்த படங்கள் வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. 2004-ல் ஷெரிஃப் அலுவலகத்தின் பழைய சாமான்களுக்கு நடுவே அந்தத் தொகுப்பு அகப்பட்டது. ஒவ்வொருவர் நெஞ்சுக்கு நேராகவும் ஓர் எண். பார்க்ஸின் எண் 7053. மார்ட்டின் லூதர் கிங்கின் எண் 7089. குற்றவாளிகளைப் பிடித்து வந்த களை எந்த முகத்திலும் இல்லை. கோட்டும் டையுமாக, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற உடையில் வந்திருக்கிறார்கள். பிடிக்க வருவார்கள் என்று காத்திருக்காமல், புறக்கணிப்பின் தலைவர்களில் ஒருவரான ஈ.டி. நிக்ஸன் தானாகவே போய்ச் சரணடைந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். பயமுறுத்துவதற்கென்று எடுத்த படங்கள், எடுத்த நாளிலேயே எடுத்தவர்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டன.

கிங்கின் படத்தில் இன்னொன்று இருக்கிறது. பிற்பாடு யாரோ அதன் மேலேயே "இறந்துவிட்டார்" என்று எழுதி, 4-4-68 என்று தேதியும் போட்டிருக்கிறார்கள். மெம்பிஸில் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். செய்தி வந்தபின் ஓர் ஊழியர் பன்னிரண்டு ஆண்டுப் பழைய தொகுப்பைத் தேடி எடுத்து, பக்கத்தைப் புரட்டி, அந்த முகத்தின் மேல் எழுதியிருக்கிறார். திருப்தியா, வெறும் கடமையா? அப்பா பிரதியைப் பார்த்துவிட்டு, "பதிவேட்டை நேர் செய்திருக்கிறார்கள்" என்றார். அவர்கள் அலுவலகத்திலும் இறந்தவர் பெயருக்கு எதிரே அப்படித்தான் குறிப்பார்களாம். எனக்கு அது அவ்வளவு சுலபமாகச் செரிக்கவில்லை.

பார்க்ஸ் உட்கார்ந்திருந்த பஸ்ஸின் எண் 2857. ஓட்டம் முடிந்ததும் அலபாமாக்காரர் ஒருவர் வாங்கி வெட்டவெளியில் நிறுத்தி, சுமார் முப்பது ஆண்டுகள் கருவிகளும் மரச்சாமான்களும் போட்டுவைக்கும் கொட்டகையாகப் பயன்படுத்தினார். 2001-ல் அது ஏலத்துக்கு வந்தபோது மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 4,92,000 டாலருக்கு எடுத்தது. இதுதான் அந்த பஸ் என்று எப்படித் தெரியும்? பஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் புறக்கணிப்புக் காலத்துச் செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். ஒரு செய்திக்குப் பக்கத்தில் ஓட்டுநர் பிளேக்கின் பெயரும் 2857 என்ற எண்ணும் கையால் எழுதப்பட்டிருந்தன. அந்த நோட்டை ஆவணத் தடயவியல் நிபுணரிடம் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் அருங்காட்சியகம் ஏலத்தில் இறங்கியது. இந்தக் கதையைச் சொன்னபோது அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு அவ்வளவு மலர்ச்சியை நான் கண்டதில்லை.

வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோவில் 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கல்லூரி மாணவர்கள் வூல்வொர்த் கடையின் சாப்பாட்டுக் கவுன்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்றார்கள். எழுந்திருக்காமல் கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். நாம் எப்போதும் பார்க்கும் படம், கவுன்டரில் நால்வர் திரும்பிப் பார்ப்பது, முதல் நாள் எடுத்ததல்ல. ஜாக் மோபஸ் அதை எடுத்தது மறுநாள். முதல் நாள் நால்வரில் ஜோசப் மக்நீலும் ஃபிராங்க்ளின் மக்கெய்னும் மட்டுமே அதில் இருக்கிறார்கள். மற்ற இருவர் பில்லி ஸ்மித், கிளாரன்ஸ் ஹென்டர்ஸன்.

இந்த நால்வரைவிட என் கண் போய் நிற்பது கவுன்டருக்கு உள்பக்கம் இருக்கும் ஐந்தாவது ஆளிடம். அவரும் கறுப்பின இளைஞர்தான். சாப்பிட்ட தட்டுகளை எடுத்துத் துடைக்கும் வேலை. பெயர் சார்ல்ஸ் பெஸ். உட்கார்ந்தவர்கள் நான்கு பேரும் கல்லூரிக்குத் திரும்பிப் போகலாம். அவர் மறுநாளும் அதே முதலாளியிடம் வந்து நிற்க வேண்டும். அதே ஆண்டு ஜூலை 25 அன்று கவுன்டர் எல்லோருக்கும் திறந்தபோது, முதலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கடையின் கறுப்பின ஊழியர்கள் நால்வர். பெஸ் அவர்களில் ஒருவர். படத்துக்கு அடியில் அவர் பெயர் இல்லாதபோது அவர் வெறும் பின்னணி. பெயர் வந்ததும் படத்தின் மையமே சற்று நகர்ந்துவிடுகிறது.

அந்தக் கட்டடம் 2010 பிப்ரவரி 1 முதல் அருங்காட்சியகம். நல்ல முடிவு. ஆனால் தெற்கில் வேறோர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைப் போலிக் கவுன்டரில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, மிரட்டல் குரல்களைக் கேட்கவைக்கிறார்கள். நாற்காலியும் அதிர்கிறது. பலர் அழுதுகொண்டு எழுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அழுகை வந்தால் வரலாறு புரிந்துவிட்டது என்று ஆகாது. அந்த இடத்தில் நான்கு பெயர்களையும் ஐந்தாவது பெயரையும் பெரிதாக எழுதி வைக்கலாம்.

எம்மெட் டில் விஷயம் வேறு வகை. சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயதுப் பையன். 1955 ஆகஸ்ட் 28 அன்று கடத்திக் கொன்று ஆற்றில் போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் வாலாட்டினான் என்பது குற்றச்சாட்டு. உருத்தெரியாமல் திரும்பி வந்த உடலைப் பெட்டியை மூடி அடக்கம் செய்யத் தாய் மேமி டில் சம்மதிக்கவில்லை. என் மகனுக்கு என்ன செய்தார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்றார். சிகாகோ தேவாலயத்தில் கண்ணாடி போட்ட பெட்டியின் முன் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். டேவிட் ஜாக்ஸன் எடுத்த படம் செப்டம்பர் 15 தேதியிட்ட ஜெட் இதழில் வந்தது. கறுப்பினப் பத்திரிகைகள் போட்டன. வெள்ளையர் நடத்திய பெரிய நாளிதழ்கள் தொடவில்லை. இங்கே படத்தின் ஆசிரியர் ஒரு வகையில் அந்தத் தாய்தான். கேமராவை யார் பிடித்திருந்தாலும், எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர்.

2005-ல் மறுவிசாரணைக்காக உடலைத் தோண்டி எடுத்து, வேறு பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். பழைய பெட்டி 2009-ல் அதே இடுகாட்டின் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்தது தெரியவந்தது. காட்டுப் பிராணிகள் குடியேறியிருந்தன. இப்போது அது வாஷிங்டனில், 2016-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அறையில் படம் எடுக்க அனுமதி இல்லை. உலகம் பார்க்க வேண்டும் என்று திறந்த பெட்டி, இன்று கேமராவுக்கு மூடியிருக்கிறது. முரண்பாடாகத் தோன்றலாம், எனக்குச் சரியாகவே பட்டது. மேமி டில் கேட்டது பார்ப்பதை. பெட்டியின் முன் நின்று செல்ஃபி எடுப்பதை அவர் கேட்கவில்லை.

மிசிசிப்பியில் உடல் கரையேறியதாகக் கருதப்படும் இடத்தில் 2008-ல் வைத்த பலகையைத் திருடினார்கள். மாற்றி வைத்ததைத் துப்பாக்கியால் சுட்டார்கள். மறுபடியும் வைத்தார்கள், மறுபடியும் சுட்டார்கள். 2019-ல் குண்டு துளைக்காத எஃகில் 500 பவுண்டு எடையுள்ள பலகையை நட்டார்கள். துளை விழுந்த பழைய பலகைகளில் ஒன்றை 2021-ல் வாஷிங்டனில் காட்சிக்கு வைத்தார்கள். எழுதியிருந்ததைவிட அந்தத் துளைகளே விவரமான குறிப்பு.

ஜெட், எபனி இதழ்களை நடத்திய ஜான்சன் பதிப்பகம் 2019-ல் திவாலானது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளும் நெகட்டிவ்களும் கடன்காரர்களுக்காக ஏலத்துக்கு வந்தன. கிங்கின் இறுதிச் சடங்கில் மனைவி கொரெட்டாவின் மடியில் மகள் பெர்னிஸ் சாய்ந்திருப்பதை எடுத்துப் புலிட்ஸர் பரிசு பெற்ற மொனெட்டா ஸ்லீட், எபனியின் ஆள்தான். யாராவது பணக்காரர் வாங்கிப் பூட்டிவைத்திருந்தால் அவ்வளவுதான். ஃபோர்டு, மெல்லன், மக்ஆர்தர், கெட்டி அறக்கட்டளைகள் சேர்ந்து 3 கோடி டாலர் கொடுத்து வாங்கி, வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்கும் கெட்டி ஆய்வு நிறுவனத்துக்கும் உரியதாக்கின. வாங்கினால் மட்டும் போதாது. அந்தக் காலத்து அசிட்டேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறக்கும்போதே வினிகர் நெடி மூக்கில் ஏறும். ஃபிலிம் சுருங்கும், மேல்பூச்சு வரிவரியாக எழும்பும். ஒன்றில் ஆரம்பித்தால் அடுத்ததற்கும் பரவும். குளிரறையில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. ஆகவே பணமும் மின்சாரமும் ஆளும் ஆண்டுக்கணக்கில் வேண்டும்.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1963 மே மாதம் பிள்ளைகள் மேல் போலீஸ் நாயை ஏவியதும், தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியதும் உலகத்துக்குத் தெரிந்தது பில் ஹட்ஸன், சார்ல்ஸ் மூர் போன்றவர்களின் படங்களால். நியூயார்க் டைம்ஸ் நாய்ப் படத்தை முதல் பக்கத்தில் போட்டது. உள்ளூர் நாளிதழான பர்மிங்ஹாம் நியூஸ் இந்தச் செய்திகளை உள்பக்கங்களில் அடக்கி வாசித்தது. அதன் புகைப்படக்காரர்கள் மட்டும் தெருவில் நின்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2004-ல் அந்த அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் சாமான் அறையில் ஒரு பெட்டியைக் கண்டார். வைத்திருக்கவும், விற்க வேண்டாம் என்று மேலே எழுதியிருந்தது. 1950 முதல் 1965 வரையிலான சுமார் 5,000 படங்கள், பெரும்பாலானவை அச்சேறாதவை. பத்திரிகை அவற்றில் சிலவற்றை நாற்பது ஆண்டு தாமதமாக வெளியிட்டது. வெளியிடவும் மனமில்லை, எரிக்கவும் மனமில்லை. அந்தப் பெட்டியின் மேல் எழுதிய கை யாருடையதோ, அதற்கு ஒரு கும்பிடு.

மிசிசிப்பி அரசு இதையும் மிஞ்சியது. இறையாண்மை ஆணையம் என்ற பெயரில் 1956 முதல் தன் குடிமக்களையே உளவு பார்த்தது. 1961-ல் தலைநகர் ஜாக்ஸனில் கைதான 300-க்கும் மேற்பட்ட விடுதலைப் பயணிகளின், அதாவது பஸ்களில் நிறப் பிரிவினையை மீறிப் பயணம் செய்த போராளிகளின், போலீஸ் படங்களையும் பத்திரமாகச் சேர்த்து வைத்தது. ஆணையத்தைக் கலைத்தபோது கோப்புகளை 2027 வரை பூட்டிவைக்கச் சட்டம் போட்டார்கள். நீதிமன்றம் 1998-ல் திறந்துவிட்டது. உளவாளிகளின் ஒழுங்கு இல்லாவிட்டால் அந்த இளைஞர்களின் முகங்கள் இப்படி வரிசையாக நமக்குக் கிடைத்திருக்காது.

செல்மாவில் 1965 மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தவர்கள் ஏறக்குறைய 600 பேர். முன்வரிசையில் நடந்து அடிபட்ட ஜான் லூயிஸை எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில் இருந்தவர்கள்? ஆபர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் மாணவர்களும் அன்றைய படங்களைப் பெரிதாக்கி, முகங்களுக்கு எண் கொடுத்து, செல்மா மக்களிடம் காட்டி, இது உங்கள் சித்தியா, மாமாவா என்று கேட்டுப் பெயர்களைச் சேர்த்து வருகிறார்கள். இந்த வேலைக்கு நேரம் குறைவு. அன்று பள்ளிச் சிறுமியாக நடந்தவருக்கே இன்று எழுபது கடந்துவிட்டது.

கடைசியாக மெம்பிஸ். கிங் விழுந்த லொரெய்ன் மோட்டல் கடனில் மூழ்கி ஏலத்துக்கு வந்தபோது, 1982-ல் ஓர் அமைப்பு 1,44,000 டாலருக்கு வாங்கியது. 1991-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அறை 306-ஐ அன்றிருந்தபடியே வைத்திருக்கிறார்கள். வெளியே தாழ்வாரத்தில் ஒரு மலர் வளையம். இடத்தை மாற்றியமைக்க 1988-ல் கடைசிக் குடியிருப்பாளரான ஒரு பெண்ணை வெளியேற்றினார்கள். அவர் எதிர்ப்புறம் உட்கார்ந்து, இந்தப் பணத்தை ஏழைகளுக்கு வீடு கட்டச் செலவிட்டிருந்தால் கிங் மகிழ்ந்திருப்பார் என்று பல்லாண்டுகள் போராடினார். என்னிடம் அதற்குச் சரியான பதில் இல்லை.

அந்த ஊருக்கு கிங் வந்தது துப்புரவுத் தொழிலாளர்களுக்காக. 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோலும் ராபர்ட் வாக்கரும் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் 28 அன்று கிளேபார்ன் ஆலயத்துக்கு வெளியே, "நான் மனிதன்" என்ற அட்டைகளைப் பிடித்தபடி அவர்கள் நெருக்கியடித்து நிற்கும் படத்தை எடுத்தவர் எர்னஸ்ட் விதர்ஸ். எம்மெட் டில் வழக்கில் பையனின் உறவினர் மோஸஸ் ரைட் எழுந்து நின்று கொலையாளியைச் சுட்டிக்காட்டும் படமும் அவருடையதே. மான்ட்காமரியில் பஸ்ஸில் கிங் ஏறிய முதல் நாளிலும் கேமராவோடு இருந்தவர். கிங் சுடப்பட்டதும் தாழ்வாரத்தில் நின்றவர்கள் கைநீட்டிக் காட்டும் படத்தை எடுத்த ஜோசப் லோ, ஃபிலிமைக் கழுவ ஓடியது விதர்ஸின் இருட்டறைக்குத்தான். படங்களே கதை சொல்லும் என்பது அவர் ஸ்டூடியோவின் விளம்பர வாசகம். பீல் தெருவில் அவர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 18 லட்சம் படங்கள் என்கிறார்கள்.

விதர்ஸ் 2007-ல் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து மெம்பிஸின் கமர்ஷியல் அப்பீல் நாளிதழ், அவர் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்துப் பணம் வாங்கியவர் என்பதை வெளியிட்டது. கோப்பில் கருப்பு மை பூச மறந்த ஓர் உளவு எண் காட்டிக்கொடுத்துவிட்டது. வழக்குப் போட்டு மற்ற கோப்புகளையும் வாங்கினார்கள். இயக்கத்தார் நம்பி உள்ளே விட்ட மனிதர், அவர்கள் படங்களையும் பேச்சையும் அரசாங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, அவரால் எங்களுக்குக் கெடுதல் இல்லை என்ற தொனியில் கிங்கின் சகா ஆண்ட்ரூ யங் பேசினார். நகைச்சுவைக் கலைஞரும் இயக்கப் போராளியுமான டிக் கிரெகரியோ விதர்ஸை யூதாஸ் என்றார்.

அப்பாவும் நானும் மெம்பிஸிலிருந்து திரும்பும் வழியெல்லாம் இதைத்தான் பேசினோம். என் கட்சி இது: அந்தத் துப்புரவுத் தொழிலாளர் படம் எங்கே மாட்டப்பட்டாலும், எடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், எஃப்.பி.ஐ.யிடம் சம்பளம் வாங்கியவர் என்றும் போட வேண்டும். படத்தின் மதிப்பு அதனால் குறையாது. அட்டை பிடித்து நின்றவர்கள் நின்றது நின்றதுதான். வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொன்னவரே அவர் என்பதால் உடனே ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவருக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். எட்டு என்றேன். "அப்படியானால் அதையும் சேர்த்துப் போடச் சொல்" என்றார். அது எப்படி ஒரு விளக்கப் பலகையில் வரும் என்று நான் கேட்க, சம்பளம் வாங்கினார் என்பது வரும்போது இது ஏன் வராது என்று அவர் திருப்பிக் கேட்டார். இன்னும் முடியவில்லை, தொலைபேசியில் தொடர்கிறது.